பிஸ்கட்டுக்கு அக்டோபரில் நடந்திருக்க வேண்டியது

பெல் க்ரீக், ஓஹையோ
செப்டம்பர் 9, 2013

டாக்டர் நோரிஸ் ஸ்டாஃபர் அவர்களுக்கு,

இது ஒரு கால்நடை மருத்துவருக்கு எழுதும் கடிதம். தம்பிக்கு எழுதுவதல்ல. ஆகவே மருத்துவர் பதில் எழுதினால் போதும்.

என் வீட்டில் ஒரு பெண் ஸ்கங்க் இருக்கிறது, பூனை அளவு, கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு. நான் கேட்டு வாங்கவில்லை. வளர்த்தவர்கள் கைவிட்ட ஸ்கங்குகளுக்கு வேறு வீடு தேடிக் கொடுக்கும் டார்லா பெக்கை உங்களுக்கு நினைவிருக்கும். ஆகஸ்ட் முதல் வாரம் கூண்டோடு வந்து வாசலில் நின்றாள். "ரெண்டே வாரம், ஆர்லீன். அதுக்குள்ள வேற இடம் பாத்துடறேன்" என்றாள். "எனக்கு வேண்டாம் டார்லா. நான் இனிமே வளக்கறதில்ல" என்றேன். "வளக்க வேண்டாம். சும்மா வச்சுக்க" என்று கூண்டை வைத்துவிட்டுப் போனாள். ஐந்து வாரம் ஆகிறது.

பெயர் மேபல். வயது இரண்டு. எடை பதினொரு பவுண்டு. வளர்த்தவர்கள் பாலில் ஊறிய சோளப்பொரியும் பூனைத் தீனியும் டோனட்டும் கொடுத்திருக்கிறார்கள். பின்னங்கால்கள் நடக்கும்போது நடுங்குகின்றன. நாற்றப் பையைக் குட்டியிலேயே எடுத்துவிட்டார்கள், அதனால் மற்ற ஸ்கங்குகள் மாதிரி நாற்ற நீரைப் பீய்ச்சுவதில்லை. ஆனால் கருத்தடை ஆபரேஷன் செய்யவில்லை. போன வசந்தத்தில் மூன்று வாரம் சாப்பிடாமல் கிடந்ததாம், தன் வாலையே கடித்துக்கொண்டதாம்.

நான் கேட்க விரும்புவது இவ்வளவுதான். ஆபரேஷன் இப்போது செய்யலாமா, எடை குறையும்வரை காத்திருக்க வேண்டுமா? யாரிடம் போவது? நம் பக்கத்தில் இருக்கும் டாக்டர்கள் ஸ்கங்க் என்றதுமே ஃபோனை வைத்துவிடுகிறார்கள். இதுவரை இருபதுக்கு மேல் செய்தவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். வேறு காரணத்துக்காக நான் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஆர்லீன் ஹோக்


அல்பீனா, மிச்சிகன்
செப்டம்பர் 15, 2013

அன்புள்ள அக்கா,

மருத்துவர் மட்டும் பதில் எழுத வேண்டும் என்றாய். முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். ஆனால் உன்னை 'நீங்கள்' என்று எழுத எனக்கு வராது. நீ எழுதியிருந்ததைப் படித்தபோது, வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேனோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

மேபலின் கால் நடுக்கம் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. பூனைத் தீனியையும் சோளப்பொரியையும் இன்றே நிறுத்து. தட்டில் பாதி காய்கறி இருக்க வேண்டும். பீன்ஸ், பூசணி, கீரை. மீதிக்கு வேகவைத்த கோழி, முட்டை, சர்க்கரை சேர்க்காத தயிர். முதல் வாரம் பட்டினி கிடந்து உன்னைச் சோதித்துப் பார்ப்பாள். விட்டுக்கொடுக்காதே.

ஆபரேஷனுக்கு எடை முழுக்கக் குறைய வேண்டாம். ஒன்பது பவுண்டு வந்தால் போதும். காத்திருப்பதுதான் ஆபத்து. கருப்பையோடு இருக்கும் பெண் ஸ்கங்க் ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தப் பாடு படும், ஏதாவது ஒரு முறை கருப்பைக்குள் சீழ் கட்டும். அது வெளியே தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே அக்டோபருக்குள்.

கொலம்பஸில் டாக்டர் யோடர் என்று ஒரு பெண் இருக்கிறாள். சின்ன வயது, ஆனால் இந்த மாதிரி உயிர்களைத் தொட்டுப் பழகியவள். அவளிடம் போ. முந்தின நாளே பட்டினி போடச் சொன்னால் கேட்காதே. மூன்று, நான்கு மணி நேரம் போதும். மயக்கத்துக்கு முகமூடி வைத்து வாயு கொடுக்கச் சொல். குண்டான ஸ்கங்குக்குள் ரத்தக்குழாய்கள் கொழுப்பில் மறைந்திருக்கும், அவசரப்படக் கூடாது. மேல் தோலில் தையல் தெரியக் கூடாது, உள்ளே போட வேண்டும். இல்லையென்றால் மறுநாளே பிரித்துவிடுவாள். உடம்பு சில்லிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல். இதையெல்லாம் அவளே அறிவாள். இருந்தாலும் நீ சொல், உனக்குத் தைரியமாக இருக்கும்.

அந்த பிப்ரவரியைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. அதனால் நானும் எழுதவில்லை. கேட்டால் எழுதுகிறேன்.

உன் தம்பி,
நோரிஸ்


பெல் க்ரீக்
செப்டம்பர் 24, 2013

நோரிஸ்,

மேபல் நான்கு நாள் கோபித்துக்கொண்டு சிங்க்குக்கு அடியில் படுத்திருந்தாள். ஐந்தாம் நாள் வெளியே வந்து பீன்ஸைத் தின்றாள், எனக்கு ஏதோ உபகாரம் செய்வதுபோல. அது இருக்கட்டும்.

டைப் அடித்த கடிதம் அனுப்பியிருக்கிறாய். கையெழுத்துகூட மெஷினில். மின்சாரக் கம்பெனியிலிருந்து வருவதுகூட இதைவிட ஈரமாக இருக்கும். பத்தொன்பது மாதம் கழித்து அக்காவுக்கு எழுதும்போது ஒரு பேனா எடுக்க முடியவில்லையா உனக்கு?

கேட்டால் எழுதுவதாகச் சொன்னாய். கேட்கிறேன். ஏன் பூனை என்று சொல்லவில்லை?

அன்று ஆஸ்பத்திரியில் நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். உன் கையில் சுற்றியிருந்தது என் சமையலறைத் துண்டு. அந்த நர்ஸ் பேனாவைத் திறந்துகொண்டு, "எது கடிச்சுது?" என்று கேட்டாள். "நாயா, பூனையா?" என்று அவளே எடுத்தும் கொடுத்தாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பார்த்துவிட்டு, "ஸ்கங்க். எங்க அக்கா வளக்கறது" என்றாய்.

நாயோ பூனையோ கடித்தால் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கிறார்கள். ஸ்கங்குக்கு அந்தப் பத்து நாள் கிடையாது. வெறிநோய் இருக்கிறதா என்று மூளையை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். நீயே என் பிஸ்கட்டுக்குத் தடுப்பூசி போட்டாய், ஆனால் ஸ்கங்குக்கென்று ஒப்புக்கொண்ட ஊசி எதுவும் இல்லாததால் அது செல்லாது. இதெல்லாம் எனக்கு அன்றைக்கு முழுதாகத் தெரியாது, ஸ்கங்க் என்றால் அவனைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் மட்டும்தான். உனக்குத் தெரியும். நீ அந்த ஒரு சொல்லைச் சொன்னபோதே பிஸ்கட் செத்துவிட்டான். மறுநாள் நடந்தது வெறும் காகித வேலை.

சுகாதாரத் துறையிலிருந்து வந்த மனிதர் மிதியடியில் ஷூவை மூன்று முறை துடைத்தார். "நீங்களே கூண்டுக்குள்ள விட்டா அவன் பயப்பட மாட்டாம்மா" என்றார். நானே விட்டேன். உள்ளே ஓர் அவித்த முட்டைத் துண்டை வைத்தேன், அவன் தானாகவே நடந்து போனான். வியாழக்கிழமை ஃபோன் செய்து நோய் எதுவும் இல்லை என்றார்கள். நன்றி என்று சொன்னேன், நோரிஸ். அவர்களுக்கு நன்றி சொன்னேன்.

நீ அந்த மே மாதம் உன் கால்நடை ஆஸ்பத்திரியை மூடிவிட்டு, காலமான மனைவி வழி வந்த ஏரிக்கரை வீட்டுக்குப் போய்விட்டாய். சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை. வந்திருந்தாலும் கதவைத் திறந்திருக்க மாட்டேன். ஆனாலும் வந்திருக்கலாம்.

ஆர்லீன்


அல்பீனா
அக்டோபர் 5, 2013

அன்புள்ள அக்கா,

டைப் அடிப்பதற்குக் காரணம், கையால் எழுதினால் உன்னால் படிக்க முடியாது. எனக்கு பார்க்கின்சன் நோய். வலது கை. இரண்டு வருஷம் ஆகிறது.

இப்போது தேதிகளை நீயே கணக்குப் போட்டுப் பார்ப்பாய் என்று தெரியும். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

2011 ஆகஸ்டில் நடுக்கம் தொடங்கியது. முதலில் கட்டை விரல் மட்டும். செப்டம்பரில் ஒரு பூனையின் வயிற்றைத் தைக்கும்போது ஊசி மூன்று முறை நழுவியது. பூனை பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து நான் கத்தியைத் தொடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஊசி போட்டேன், மருந்து எழுதினேன், மாடுகளுக்குக் கன்று இழுத்துக் கொடுத்தேன். ஆபரேஷன் என்று வந்தவர்களை ஏதோ சாக்குச் சொல்லிப் பக்கத்து ஊருக்கு அனுப்பினேன்.

உன்னை மட்டும் அனுப்பவில்லை. பிஸ்கட் அப்போது ஐந்து மாதக் குட்டி. காயடிக்கச் சரியான வயது. இருபது நிமிஷ வேலை. அக்டோபரில் நீ கேட்டபோது, "அறுவடை முடியட்டும் அக்கா, பண்ணைக்காரங்க என்னை விடவே மாட்டேங்கறாங்க" என்றேன். நவம்பரில் கேட்டாய், "தேங்க்ஸ்கிவிங் பண்டிகை போகட்டும்" என்றேன். பிறகு கிறிஸ்துமஸ். பிறகு பனி. 'வேற டாக்டர்கிட்ட போ' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பாய். ஊரில் எல்லாரிடமும் என் கையைச் சட்டைப்பைக்குள் மறைக்க முடிந்தது. நீ கேட்டால் மறைக்க முடியாது. கையை மறைக்க உன் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டேன் என்பதுதான் நடந்தது. பிப்ரவரி வந்ததும் ஆண் ஸ்கங்குக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

பூனை என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். பண்ணை பண்ணையாகப் போய், 'கடிச்சதை மறைக்காதீங்க' என்று நாற்பது வருஷம் சொன்னவன் நான். ஒரு தடவை, வெறிநோய் கண்ட கன்றை வயிற்றுவலி என்று மறைத்துவிட்டார்கள். ஒரு குடும்பமே ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் உண்மையைச் சொன்னேன்.

இப்படி எழுதிவிட்டு இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். நான் எழுதியது உண்மைதான். இது மட்டும்தான் காரணமா என்று என்னையே கேட்டால் எனக்குப் பதில் வரவில்லை.

நோரிஸ்


பெல் க்ரீக்
அக்டோபர் 19, 2013

நோரிஸ்,

உன் கடிதத்தைத் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே, காரில் உட்கார்ந்து படித்தேன். எதிர் வீட்டு ரூத் வந்து கண்ணாடியைத் தட்டி, "உடம்புக்கு முடியலையா ஆர்லீன்?" என்றாள். "கண்ணாடியைத் தொடைச்சிட்டிருக்கேன்" என்றேன். கையில் துணிகூட இல்லை.

முதலில் கோபத்தை எழுதுகிறேன். கொலம்பஸ் தொண்ணூறு மைல். நீ சொல்லியிருந்தால் அவனை மடியில் வைத்துக்கொண்டு அன்று மதியமே போயிருப்பேன். ஊனமான காலை இழுத்துக்கொண்டு இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள் நான். ஒரு கை நடுங்கினால் உன்னைக் கேலி செய்வேன் என்றா நினைத்தாய்? அம்மா செத்தபோது உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது யார்?

மருந்து சாப்பிடுகிறாயா? யார் சமைக்கிறார்கள்? டப்பாவில் வரும் சூப்பையே சூடாக்கிக் குடித்துக்கொண்டிருப்பாய். இதற்குப் பதில் எழுது.

இப்போது என்னுடையதை எழுதுகிறேன். இதை டார்லாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

அந்த ஜனவரியிலேயே பிஸ்கட் என்னை இரண்டு முறை கடித்திருந்தான். ஒரு முறை முழங்கைக்குக் கீழே, ஒரு முறை மணிக்கட்டில். விடாமல் தொங்கினான். ராத்திரி பகல் தூங்காமல் முன்னங்காலால் தரையைத் தட்டிக்கொண்டு, ஃப்ரிட்ஜ் கதவைப் பிராண்டிக்கொண்டு, தன் படுக்கையையே கிழித்துக்கொண்டு கிடந்தான். அது அவன் இல்லை. பருவம் அவனை ஆட்டிவைத்தது. நான் நீளக் கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். சர்ச்சில் கேட்டவர்களிடம் அடுப்பில் சுட்டுக்கொண்டேன் என்றேன். நீ மறைத்ததும் கை, நான் மறைத்ததும் கை. நல்ல குடும்பம்.

பிப்ரவரியில் அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், "எப்பத்தான் பண்ணப்போற?" என்று கேட்டேன். நீ நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே, "வசந்தம் வரட்டும் அக்கா" என்றாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. துவைக்கும் அறைக்குப் போய், தோட்ட வேலைக்குப் போடும் தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு அவனைத் தூக்கி வந்தேன். காலையிலிருந்து மூன்று துண்டைக் கிழித்துப் போட்டிருந்தான். அந்த நிலையில் இருந்தவனை, ஒரு வார்த்தை சொல்லாமல் உன் மடியில் வைத்தேன். "இந்தா. நீயே பாரு" என்றேன்.

நீ பார்க்க வேண்டும் என்றுதான் வைத்தேன். உன்னைக் கடிக்கட்டும் என்று நினைத்தேனா? இல்லை என்று இருபது மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை சொன்னால் போதாதா, நிஜமாக இல்லையென்றால்?

மேபல் ஒன்பதரை பவுண்டுக்கு இறங்கிவிட்டாள். கால் நடுக்கம் குறைந்திருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள். இப்படி இருப்பவளை எதற்கு அவசரப்பட்டு வெட்டுவது என்று தோன்றுகிறது. டார்லாவுக்கு ஆப்பிள் பறிக்கும் வேலை முடியட்டும், பிறகு இருவருமாகப் போகிறோம்.

ஆர்லீன்


அல்பீனா
அக்டோபர் 30, 2013

அக்கா,

மருந்து சாப்பிடுகிறேன். பக்கத்து வீட்டம்மா வாரம் இருமுறை சமைத்து வைக்கிறாள். மற்ற நாளில் சூப்தான், டப்பா சூப். போதுமா?

நீ கையுறை போட்டிருந்ததை நான் பார்த்தேன். வீட்டுக்குள் எதற்குக் கையுறை என்று தோன்றவும் செய்தது. கேட்டிருக்கலாம். கேட்டால் நீ சொல்லிவிடுவாய், சொன்னால் நாளைக்கே செய்ய வேண்டும். அதனால் கேட்காமல் கையை நீட்டினேன். ஆகவே உன்மேல் இருக்கும் அந்தப் பாரத்தில் பாதியைக் கீழே இறக்கு.

சென்ற கடிதத்தில் பதில் வரவில்லை என்று எழுதியது இப்போது வருகிறது. அவன் கடித்தது கட்டை விரலின் அடியில், நரம்பு வரைக்கும். வலது கை. நான் காப்பாற்றி வைத்திருந்த கை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், இனி இது அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நர்ஸ் கேட்டபோது உன்னைத் திரும்பிப் பார்த்தேன் அல்லவா? பூனை என்று சொல் என்று உன் முகம் கெஞ்சியது. எனக்குப் புரிந்தது. அந்த இரண்டு நொடி, உன்மேலும் அவன்மேலும் எனக்கு அவ்வளவு கோபம். கோபத்தில் சொன்னேன். சொன்னது சரியானது என்பதால் பிறகு அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். கோபமே இல்லாவிட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் அப்படிச் சொல்லவில்லையே.

இன்னொன்று. நீ கதவைச் சாத்திவிட்டதால் சொல்ல முடியாமல் போனது. பிறகு சொல்வதே தப்பு என்று தோன்றியது.

திங்கட்கிழமை பிற்பகல் அவனைக் கொண்டுபோன இடம் எனக்குத் தெரியும். பக்கத்து ஊர் கால்நடை ஆஸ்பத்திரி, அங்கே இருந்த டாக்டர் ஸ்கங்கைத் தொட்டதே கிடையாது. நான் போனேன். "நீங்க கடிபட்டவரு, உள்ள வரக் கூடாது" என்றார். "உங்களுக்கு இவனைப் பிடிக்கத் தெரியாது. இவன் பயப்படுவான்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே விட்டார். என் கையில் கட்டு இருந்தது, இடது கையால்தான் பிடித்தேன். அவனைத் துண்டில் சுற்றி என் கைக்குள் வைத்துக்கொண்டேன். முதலில் முகமூடி வைத்துத் தூங்கவைக்கச் சொன்னேன். அப்படியே செய்தார். ஊசி போட்டபோது அவனுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைச் செய்தபோது நான் வெளியே போய்விட்டேன்.

அவன் தனியாக இல்லை. அவ்வளவுதான் உன்னிடம் சொல்ல வேண்டியது. தூங்கும்வரை அவனிடம் பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

மேபல் விஷயம். 'ஆப்பிள் பறிக்கும் வேலை முடியட்டும்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வாக்கியம் எனக்கு நன்றாகத் தெரியும், அக்கா. நானே சொன்னது. நன்றாகச் சாப்பிடுகிறாள் என்பது காரணம் இல்லை. உனக்குப் பயம். என்னை நம்பி ஒருவன் செத்தான், டாக்டரிடம் போனால் இவளும் சாவாளோ என்று. சாகலாம். மயக்க மருந்து எப்போதும் கொஞ்சம் ஆபத்துதான். ஆனால் டாக்டர் யோடரின் மேசைமேல் செத்தால் முயன்று பார்த்துச் செத்தாள் என்றாவது இருக்கும். டார்லாவுக்காகக் காத்திருக்காதே. நாளைக்கே ஃபோன் செய்.

நோரிஸ்


(தபால் அட்டை)
நவம்பர் 4

நவம்பர் 12, செவ்வாய், காலை ஒன்பதுக்குத் தேதி வாங்கியாயிற்று. நீ எழுதிய மற்றதையும் படித்தேன். இரண்டு தடவை.

ஆ.


பெல் க்ரீக்
நவம்பர் 20, 2013

நோரிஸ்,

மேபல் உயிரோடு இருக்கிறாள். இதை முதல் வரியில் எழுதுகிறேன், நீ கடைசிவரை தேட வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்குக் கொஞ்சம் கோழி கொடுத்தேன், பிறகு ஒன்றும் கொடுக்கவில்லை. வழியெல்லாம் கூண்டுக்குள் தட்டிக்கொண்டே வந்தாள். வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண், "இது பீய்ச்சுமா?" என்று கேட்டாள். "நான்தான் பீய்ச்சுவேன்" என்றேன். நீ எழுதியதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போயிருந்தேன். டாக்டர் யோடர் பொறுமையாகக் கேட்டாள். தையல் உள்ளே போட வேண்டும் என்றதும், "உங்களுக்கு இதெல்லாம் சொன்னது யாரு?" என்றாள். "ஒரு டாக்டர்" என்றேன்.

மேபலை உள்ளே எடுத்துக்கொண்டு போனதும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே காருக்குப் போனேன். காரிலும் இருக்க முடியவில்லை. திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம் கேட்டு அவர்கள் ஃபோனில் உன் எண்ணைப் போட்டேன். நீ எடுத்து, "ஹலோ, யாரு?" என்றாய். குரல் முன்புபோல இல்லை. மெலிந்திருக்கிறது. "யாரு பேசறது?" என்று மறுபடி கேட்டாய். நான் வைத்துவிட்டேன். அன்று காலை பத்தே காலுக்கு வந்து நின்றுபோன ஃபோன் நான்தான். உன் மகன் கூப்பிட்டான் என்று நினைத்திருப்பாய்.

பதினொன்றரைக்கு டாக்டர் வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். "உக்காருங்க, நல்லாத்தான் இருக்கா" என்றாள். பிறகு சொன்னாள், "கருப்பை ரெண்டு பக்கமும் என் விரல் தடிமனுக்கு வீங்கியிருந்துச்சு. உள்ள சீழ் கட்ட ஆரம்பிச்சாச்சு. வெளிய பாத்தா ஒன்னுமே தெரிஞ்சிருக்காது. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தீங்கன்னா நாம வேற மாதிரி பேசிட்டிருப்போம்." அப்போதுதான் நான் உட்கார்ந்தேன். "சீக்கிரம் கொண்டு போன்னு உங்ககிட்ட சொன்னாரே, அந்த டாக்டர், அவருக்கு நான் நன்றி சொன்னதா சொல்லிடுங்க" என்றாள்.

"சொல்றேன்" என்றேன்.

அது நடந்து எட்டு நாள் ஆகிறது. அந்த நன்றியை உன்னிடம் சேர்க்காமல் எட்டு நாள் வைத்திருந்தேன். காரணம் கேட்காதே. உனக்கு ஒரு நல்லது போய்ச் சேர என் கையால் விடுவதா என்று இருந்தது. இப்போது அனுப்புகிறேன். எடுத்துக்கொள். அது உன்னுடையது.

மேபல் மூன்றாம் நாளே ஒரு காலுறையைத் திருடிக்கொண்டு போய் சிங்க்குக்கு அடியில் ஒளித்துவைத்தாள். ஒரு வீடு கிடைத்துவிட்டதென்று டார்லா வந்தாள். "வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். "ரெண்டு வாரம்னுதானே சொன்னேன்" என்று சிரித்தாள். இரண்டு தடவை மேபலைப் பிஸ்கட் என்று கூப்பிட்டுவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு என்ன தெரியும்? இவளுக்குச் செய்ததை அவனுக்குச் செய்திருந்தால் அவனும் இந்த நேரத்துக்கு என் காலுறை ஒன்றை இழுத்துக்கொண்டு போயிருப்பான். இதை நினைக்காமல் ஒரு வேளைகூட அவள் தட்டில் காய் நறுக்கிப் போட முடியவில்லை. இது போகும் என்று நான் நினைக்கவில்லை. போக வேண்டும் என்றும் இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. என்னை மன்னித்துவிடு என்றும் எழுதிப் பார்த்தேன், அதுவும் முழுக்க உண்மையாக இல்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். அவன் தனியாக இல்லை என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா? அதைத்தான் தினமும் எடுத்துப் படிக்கிறேன். அதைப் படிக்கும்போது மட்டும் உன்மேல் கோபம் இருப்பதில்லை.

தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை, நவம்பர் 30, நான் அங்கே வருகிறேன். டார்லா மேபலைப் பார்த்துக்கொள்வாள். விடியற்காலையில் கிளம்பினால் மாலைக்குள் வந்துவிடுவேன். பக்கத்து வீட்டம்மாவைச் சமைக்க வேண்டாம் என்று சொல், சாமான் எல்லாம் நானே கொண்டு வருகிறேன். இரண்டு நாள் இருப்பேன். முதல் நாள் பிஸ்கட்டைப் பற்றிப் பேச வேண்டாம். உன் கையை மட்டும் எனக்குக் காட்டு.

இரண்டாம் நாள், அந்த அறையில் அவன் தூங்கும்வரை அவனிடம் என்ன பேசினாய் என்று எனக்குச் சொல்ல வேண்டும். எழுத வரவில்லை என்றாயே, எழுத வேண்டாம். எதிரில் உட்கார்ந்து சொல்.

அக்கா